தரை தொடாத சேலை

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், வேண்டாம் என்று விட்டுவிடுவதுமாக வருஷங்கள் போய்விட்டன. பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே, பெரிய இடத்து விஷயம் நமக்கெதற்கு என்று ஒரு பயம் வந்துவிடும். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை வந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்று பேர் வந்தால் அதை எப்படிப் பொறுப்பது? அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது அந்தப் பெண்ணே எழுதச் சொல்லிவிட்டதால், காளியாத்தாளைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

பெருமாநல்லூரில் எங்கள் வீடு. பனியன் கம்பெனி அயர்ன் செக்‌ஷனில் ரொம்ப வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தேன். முதுகு வலி வந்த பிறகு, கைக்குத் தெரிந்த தேய்ப்பு வேலையை வைத்தே வீட்டிலிருந்து சேலை மடிப்பு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இந்தக் காலத்துக் கல்யாணப் பெண்கள் முகூர்த்த அவசரத்தில் கொசுவம் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. சேலையை முன்னாலேயே எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். இடுப்பளவும், இடுப்பிலிருந்து தரை வரைக்கும் உள்ள உயரமும் சொன்னால் போதும். கொசுவத்தையும் முந்தானையையும் மடிப்பு மடிப்பாக எடுத்து, கிளிப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து அயர்ன் பண்ணி, பெட்டி மாதிரி மடித்துக் கொடுத்துவிடுவோம். முந்தானை நுனிக்கு மட்டும், தலைமுடியை நேராக்குகிற மிஷின்தான் எனக்குக் கைவந்தது. பெண் வாங்கிக்கொண்டு போய் சுற்றிச் செருகினால் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும்.

எங்கள் பகுதித் தலைவரின் மகளுக்குக் கல்யாணம் என்று சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள். அவர் என்ன கட்சி, என்ன பதவி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்கள் தெருவில் ஆண்கள் யார் யார் வருவார்கள் என்று பேசினார்கள், பெண்கள் அந்தப் பெண் என்ன உடுத்தப்போகிறாள் என்று பேசினோம். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து செக்கிங் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் ஒரு செய்தி கொண்டுவருவாள்.

"யக்கா, அந்தப் புள்ளைக்கு சேலையைத் தங்கத்துலயே நெய்யுதாவளாம்லா."

"தங்கத்துல நெய்ஞ்சா இடுப்புல நிக்குமா அம்மிணி? பீரோவுலதான் நிக்கும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் சந்துக்கே அந்தச் சேலை வந்தது. காரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, கல்யாணப் பெண்ணின் அம்மாவே வெள்ளை வேட்டியில் சுற்றிய சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். பேனரில் தலைவருக்குப் பக்கத்தில் பார்த்த முகம். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது எனக்கு எங்கே உட்காரச் சொல்வது என்றே தெரியவில்லை. அவர் பாட்டுக்குத் தேய்க்கிற மேஜைப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேட்டியைப் பிரித்தேன். அரக்கு நிறம். சும்மா அரக்கு என்றால் போதாது. விளக்கைப் பொருத்தியதும் குங்குமம் மாதிரி ஒளி விடும், நிழலில் பிடித்தால் நாவல்பழம் மாதிரி இருட்டும். கரை என் கையகலத்துக்கு மேல் இருக்கும், முழுக்க ஜரிகை. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். கலர் விஷயத்தில் லேசில் எதையும் மெச்சமாட்டார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்று பார்த்துவிட்டு, "நானும் எத்தனையோ கலர் போட்டுருக்கேன். இது நம்ம பட்டறைத் தண்ணியில ஏறாது" என்றார்.

வழக்கமாகக் கேட்கிறதை அம்மாவிடம் கேட்டேன். ஒசரம் செருப்போடு எடுத்ததா, செருப்பில்லாமலா? ரிசப்ஷன் சேலை என்றால் செருப்போடு எடுக்க வேண்டும். முகூர்த்தச் சேலை என்றால் மணவறையில் வெறுங்கால்தான், செருப்பின் உயரத்தைக் கழித்துவிட வேண்டும். எப்போதும் போட்டிருக்கிற செருப்போடு எடுத்ததுதான், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தரையில் புரளுமே என்றேன். "புரளட்டுங்க. காலு தெரியக்கூடாது" என்றார். பெரிய வீட்டுப் பெண்கள் கால் மூடக் கட்டுவதுதான் அழகு போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தலைக்குக் குளித்து, சேலையைச் சாமி படத்துக்கு முன் வைத்து விளக்கேற்றி, அப்புறம்தான் அயர்ன் பாக்ஸைத் தொட்டேன். ஜரிகை சூடு தாங்காது, ஒரு நொடி அசந்தால் கறுத்துவிடும். முடிக்கிற வரை வீட்டில் யாரையும் பேசவிடவில்லை. கொசுவம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததைப் பார்த்தபோது என் கை செய்த வேலையா இது என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கட்டிப் பார்ப்பதற்குத் தலைவர் வீட்டுக்கு வரச்சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். அயர்ன் பாக்ஸையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். வீடு முழுக்க ஒரம்பரை, சொந்தக்காரக் கூட்டம். மாடியில் ஒரு அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அம்மா கதவைத் தாழ்போட்டார்.

பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய இடது கால் செருப்பின் அடி ஒரு செங்கல் கனத்துக்கு இருந்தது. பிறவியிலேயே இடது கால் குட்டை. சின்ன வயதிலேயே ஆபரேஷன் எல்லாம் பார்த்தும் அவ்வளவுதான் ஆனதாம். அவளை நான் எத்தனையோ மேடைகளில், பேனர்களில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பாள். கூட்டம் வருவதற்கு முன்பே உட்கார வைத்துவிடுவார்களாம், கலைந்த பிறகுதான் எழுவாளாம். அவள் நடந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதுகூட அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் தெரிந்து விரும்பிக் கேட்டு வந்தவர்கள். அம்மாவுக்கு ஊரைப் பற்றித்தான் பயம். வாசல் கதவைத் திறப்பதற்கு முன்பே பெண்ணை மணவறையில் உட்கார வைத்துவிடுவது, சுற்றி வரும்போது சொந்தக்காரப் பெண்கள் நெருக்கமாகச் சூழ்ந்துகொள்வது, சேலை தரை வரை மூடிக்கொள்வது என்று அம்மா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். மகளோ அறையிலிருந்து மணவறை வரைக்கும், எல்லோரும் பார்க்க, தானே நடந்து வரவேண்டும் என்று நின்றாள். இந்த வழக்குதான் அந்த வீட்டில் பல நாளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் நடுவில் நான் சேலையோடு போய் நின்றேன்.

செருப்போடு கட்டிப் பார்த்தோம். அவ்வளவு லட்சணமாக இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, செருப்பைக் கழட்டிட்டு ஒருக்கா பாக்கலாங்களா?" என்றாள்.

கழற்றினாள். உடம்பு இடது பக்கம் இறங்கியது. கொசுவம் அந்தப் பக்கம் தரையில் குவிந்தது. ஓர் எட்டு வைத்தாள். பெருவிரல் பட்டில் சிக்கி முன்னால் சாய்ந்துவிட்டாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் முழங்காலோடு போயிற்று. அவளை அளவெடுத்த யாருமே செருப்பில்லாமல் அளவெடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா அழுதார். "இதுக்குத்தான் சொல்றேன். மேடையில இப்படி உளுந்தா, ஊரு பூராவும் போன்ல போட்டுப் போட்டுச் சிரிப்பாங்க கண்ணு."

பெண் என் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். "காலுனால உளுகலீங்கம்மா. சேலைனாலதான் உளுந்தேன்."

இரண்டு விரல் தூக்கிக் கட்டலாம் என்று செருகிப் பார்த்தேன். நிற்கும்போது சரியாக இருந்தது, நடந்தால் இடது பக்கம் இறங்கும்போது மறுபடி காலடிக்கு வந்தது. சேலையை எவ்வளவு தூக்கினால் இவள் தடுக்காமல் நடப்பாள் என்று யோசித்துக்கொண்டு அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் பாதம். அப்படிப் பார்க்கும்போது பங்குனியில் எங்கள் காளி கோயில் குண்டம் நினைவுக்கு வந்தது. குண்டத்தில் தீ மிதிக்கிற பெண்களுக்கு வருஷா வருஷம் நான் சேலை கட்டிவிடுகிறேன். கங்கு பிடித்துவிடக் கூடாது, கால் தடுக்கிவிடக் கூடாது. அதனால் கரையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி, மிச்சத்தை இடுப்பில் இறுகச் சுற்றி, கொசுவத்தை அகலமாக வைப்போம், எட்டி நடக்க இடம் வேண்டுமல்லவா. யோசிக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், குண்டத்துக்குக் கட்டுவது போலக் கட்டினால் தடுக்காது என்று.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, கண்ணாலத்துக்கா? கரண்டை தெரியவா? நான் காலை மறைக்கச் சொன்னா நீங்க காட்டச் சொல்றீங்களே."

பெண் என்னிடம் கேட்டாள். "குண்டத்துல செருப்பில்லாமத்தானுங்க நடப்பாங்க?"

"ஆமாங்க கண்ணு."

"அப்ப எனக்கும் அப்படியே கட்டுங்க."

அந்த நேரத்தில் தலைவர் கதவைத் தட்டினார், அம்மா திறந்தார். எதற்குக் கூப்பிட வந்தாரோ, இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் மகளின் காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். மைக்கில் கேட்ட குரலா இது என்கிற மாதிரி மெதுவாக, "எல்லாரும் பாப்பாங்களே கண்ணு" என்றார்.

"பாக்கட்டுங்கப்பா. பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டதே பாக்கறதுக்குத்தானுங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். என் பக்கம் திரும்பி, "கட்டி உடுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேயே தரையில் போர்வை விரித்து வேலையை மறுபடி தொடங்கினேன். போட்ட மடிப்பைப் பிரித்துப் புது மடிப்பு எடுப்பது புதுச் சேலைக்கு எடுப்பதைவிடக் கஷ்டம். கொசுவத்தை அகலப்படுத்தினேன். இடது பக்கம் ஒரு விரல் கூடுதலாக ஏற்றினேன், நடக்கும்போது உடம்பு இறங்குகிற கணக்கு அது. பெண்ணை நடக்கச் சொல்லி, பார்த்து, பிரித்து, மறுபடி நடக்கச் சொன்னேன். அவள் சலிக்கவே இல்லை. ஒன்று மட்டும் என் கையில் இல்லை. பட்டில் விழுந்த பழைய மடிப்பு ஆவி காட்டியும் போகவில்லை. புதுக் கொசுவம் ஒவ்வொன்றின் நடுவிலும் மேலிருந்து கீழே ஒரு கோடு தெரிந்தது. மனசு கேட்காமல் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். ஜரிகை கறுத்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் மண்டபத்தில் நான்தான் கட்டிவிட்டேன். காலில் மஞ்சள் பூசி, கனமான வெள்ளிக் கொலுசு போட்டிருந்தாள். சேலை கொலுசுக்கு மேலே நின்றது. கதவைத் திறப்பதற்கு முன் அவள் என் கையைப் பிடித்தாள், அவள் கை ஜில்லென்று இருந்தது. "எல்லாம் ஆத்தா பாத்துக்குவா" என்றேன். எனக்கே பல் தந்தி அடித்தது.

மண்டபம் கொள்ளாத கூட்டம். மேளம் வாசிக்கத் தொடங்கியதும் எல்லோரும் மணவறையைப் பார்த்துக்கொண்டிருக்க, பெண் பின்னாலிருந்து, நடுப்பாதையில் வந்தாள். தலைவர் முன்னால் நடந்தார். அந்த மனிதர் நடையை ஊரே அறியும், கூட வருகிறவர்கள் ஓடத்தான் வேண்டும். அன்றைக்கு மகளுடைய நடைக்கு அவர் நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த கட்சிக்காரர்களும் வேகத்தை அடக்கி அடக்கி நடந்தார்கள்.

அவள் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், சாய்ந்தாள், நிமிர்ந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் தோள் இறங்கி ஏறியது, முந்தானையும் நெற்றிச்சுட்டியும் கூடவே ஆடின. கொலுசு ஒரு காலுக்குப் பலமாகவும் ஒரு காலுக்கு மெல்லவும் ஒலித்தது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா, "பெரிய ஊட்டுல துணிக்குப் பஞ்சமாட்ட இருக்குது, சேலை பத்தலையே" என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெண் எங்களைத் தாண்டும்போது அந்தச் சிரிப்பு அடங்கியது. நடையை அப்போதுதான் அவர்கள் பார்த்திருக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வளையல் அழுந்தி வலித்தது, நான் அசையவில்லை. அந்தக் கரை தரையில் படவில்லை. இறங்கும்போது பாதத்தைத் தொடுகிற மாதிரி வந்து, தொடாமல் மேலே போயிற்று. தீயில் நடக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்து வாய் தானாக ஆத்தா ஆத்தா என்று சொல்லும். அன்றைக்கும் சொல்லியது. மணவறைப் படியில் மாப்பிள்ளை கை நீட்டினார். பிடித்து ஏறினாள். அப்புறம் மணவறையைச் சுற்றும்போது அவர் அவளைத் தாங்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு அவள் எட்டுக்கு எட்டு வைத்தார். சுற்றி முடித்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா என் கையை விட்டார். விட்டதும் அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த முகூர்த்த மாதம் வந்ததும் என் வாசலில் கல்யாணப் பெண்கள் போனில் அவள் போட்டோவை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் மகள் கட்டு வேண்டும் என்றார்கள். நல்ல கால் உள்ள பெண்கள், கணுக்காலுக்கு மேலே ஏற்றச் சொன்னார்கள். கொசுவத்து நடுவில் கோடும் வேண்டும் என்றார்கள். அது பழைய மடிப்பு, அழியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற வேலையில் இருக்கிறவள். "இருக்கட்டுங்கக்கா, சாம்பிள்ல இருக்கறது அப்படியே வரணுமல்லங்க" என்றாள். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய சட்டையில் தையல் கோணலாக இருந்தால், அந்தக் கோணலையும் லாட் முழுக்கத் தைத்து அனுப்புகிறவர்கள் நாங்கள். நானும் முதலில் ஒரு மடிப்பு எடுத்துத் தேய்த்து, பிரித்து, மறுபடி எடுத்துக் கோடு வரவழைத்துக் கொடுத்தேன். கேள்விப்பட்டுத் தலைவர் மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். போட்டோ போன தூரத்துக்கு அந்த நடை போகவில்லை. போட்டோவில் அவள் நேராக நிற்கிறாள். பார்த்தவர்கள், பார்க்காதவர்களுக்குச் சொல்லச் சொல்லக் கதை மாறியது. குண்டத்துக் கட்டுக் கட்டியதும் காளியாத்தா காலைச் சரி பண்ணிவிட்டாள், மணவறைக்கு நேராக நடந்தாள் என்று ஆகிவிட்டது. கட்டிவிட்டவள் கையில் சக்தி இருக்கிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொன்னால், அடக்கமாகப் பேசுகிறாள் என்றார்கள்.

போன வருஷம் மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், தலைவர் மகளைப் போலவே குட்டைக் கால். பஸ் ஸ்டாண்டிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்க வைத்து அழைத்து வந்திருக்கிறாள், வேண்டுதல் என்று. பாதம் கொப்பளித்திருந்தது. சேலை கட்டிவிடச் சொன்னார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து பாதத்தில் ஊற்றினேன். அந்தப் பெண் குனிந்து என்னைக் கேட்டாள்: "கட்டினதும் சரியாயிருங்களா, இல்ல நாளாகுங்களா?"

தலைவர் மகளுக்குப் போன் போட்டேன். அவள் கிளம்பி வந்தாள். சந்துக்குள் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள், தன் கனத்த செருப்போடு. வந்து அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். அந்தத் தாய் மட்டும் ஏமாந்த முகத்தோடு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு தலைவர் மகள் என்னிடம் சொன்னாள்: "நீங்க பாத்தது பாத்தபடி எழுதிருங்கக்கா. நான் சாஞ்சுதான் நடந்தேன்னு எழுதுங்க. அதை உட்டுட்டு மத்த எல்லாத்தையும் சொல்றாங்க."

நான் தினம் விளக்கேற்றுகிறவள். ஆத்தா நினைத்தால் எதுவும் செய்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அன்றைக்கு ஆத்தா அந்தக் குட்டைக் காலை நீளமாக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு, இருக்கிற காலோடு அத்தனை பேர் நடுவில் நடக்கிற மனசைக் கொடுத்தாள். நான் கண்ணால் கண்டது அதுதான், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை கூப்பத் தோன்றுவதும் அதற்குத்தான். படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அவள் கால் சரியாகவில்லை. என் கையில் சக்தி கிடையாது. சேலையைத் தூக்கிக் கட்டினோம், அவள் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். அந்தச் சாய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.